பத்தாவது விரல்

1988-இல் சூறாவளி வந்து பள்ளிப் பேருந்தைத் தூக்கிக்கொண்டு போனபோது, அல்வெரா ட்ரைலிங் ஆகாயத்திலேயே சிக்னல் போட்டு இடப்பக்கம் திரும்பி, தேவாலயக் கோபுரத்துக்கு ஒழுங்காக வழிவிட்டு, இருபத்திரண்டு பிள்ளைகளையும் முதல் மணி அடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போதே பள்ளி வாசலில் இறக்கிவிட்டாள். ஒரு பிள்ளையின் சாப்பாட்டு டப்பாகூட மூடி கழலவில்லை. முப்பத்து நாலு வருடமாக இதை அவள் சொல்லி வருகிறாள். ஹால்டேன் கவுண்டியில், அந்தச் சின்ன மாவட்டம் முழுக்க, எல்லோரும், நம்பினார்களோ இல்லையோ, தலையையாவது ஆட்டி வைப்பார்கள். ஆட்டாதவன் ஒரே ஒருவன், அன்று மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த டாரெல் ரோர்.

"பள்ளத்துல இறங்கி ஏறினோம், அல்வெராம்மா. அவ்வளவுதான்."

அந்த டாரெல்தான் இப்போது ஷெரீஃப் அலுவலகத்தில் பதிவேட்டு எழுத்தர். யாருக்காவது பழைய போலீஸ் காகிதம் வேண்டுமென்றால் அவன் ஜன்னலில்தான் மனுப் போட வேண்டும். மூன்று வேலை நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும் என்பது சட்டம். தன் தம்பியைப் பற்றிக் கேட்ட அல்வெராவுக்கு இதுவரை ஒன்பது பதில் வந்திருந்தது. ஒன்பதிலும் ஒரே வரி. 'நார்பர்ட் ட்ரைலிங் என்ற பெயரில் பதிவு ஏதும் இல்லை.'

அந்த ஜனவரி வியாழக்கிழமை மத்தியானம், ஒன்பது கடிதங்களையும் சமையலறை மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்து, கோபத்தைச் சூடு ஆறாமல் வைத்திருக்க ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், இடது மூலையில், ஒரு கறுப்புக் கறை.

தனித்தனியாக வந்தபோது அவை வெறும் கறை. சேர்த்து வைத்தபோது அப்படி இல்லை. முதல் கடிதத்தில் இருந்தது அகலமானது, ஒரு கட்டைவிரல். இரண்டாவது ஆள்காட்டி விரல். மூன்றாவது நடுவிரல். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்களுக்குக் கைரேகை எடுப்பார்கள். அல்வெரா எத்தனையோ தடவை கொடுத்திருக்கிறாள். வலது கட்டைவிரலில் ஆரம்பித்து வலது சுண்டுவிரல் வரை, பிறகு இடது கட்டைவிரலிலிருந்து இடது சுண்டுவிரல் வரை. கைரேகை அட்டையில் அதுதான் வரிசை, மாறாது. மேசையில் இருந்ததும் அதே வரிசை. நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை உருட்டி எடுத்த சுத்தமான ரேகைகள்.

நாலாவது கடிதத்தில் மட்டும் ரேகையே இல்லை. மொட்டையாக ஒரு வட்டம்.

அவள் உட்கார்ந்தாள். பதினாலு வயதில் நார்பர்ட்டின் வலது மோதிர விரல் நுனியை வைக்கோல் கட்டும் இயந்திரம் கொண்டுபோனது. துணி சுற்றி, தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள்தான்.

ஒன்பது விரல். பத்தாவது இன்னும் வரவில்லை.

பயந்தாளா என்றால், பயந்தாள். கோட்டை மாட்டும்போது பொத்தான் துளையில் பொத்தான் போகவில்லை. ஆனால் அல்வெராவின் பயம் வண்டியின் பின் இருக்கையில்தான் உட்காரும், ஸ்டியரிங்கைத் தொட விட மாட்டாள். முட்டைக்கோசும் மாட்டிறைச்சியும் அடைத்துச் சுட்ட பைராக் ரொட்டி ஆறு எடுத்துத் துணியில் கட்டிக்கொண்டாள். கடிதங்களைக் கைப்பையில் திணித்தாள். ஹால்டேன் காற்றில் அடுத்த கவுண்டியின் செய்தித்தாள் நம்முடையதுக்கு முன்னால் வந்து வாசலில் விழும். அந்தக் காற்றைத் தலையால் முட்டிக்கொண்டே ஷெரீஃப் அலுவலகம் இருக்கிற கோர்ட் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

டாரெல் கடிதங்களைப் பார்த்தான், ரொட்டியைப் பார்த்தான், ரொட்டியை எடுத்துக்கொண்டான்.

"பிரிண்டர்ல மை ஒழுகுதும்மா."

"உன் பிரிண்டருக்கு விரல் இருக்காடா?"

"பழைய பிரிண்டர். என்ன வேணும்னாலும் இருக்கும்." வாய் நிறைய மென்றான். "பாருங்க, நானே ஒன்பது தடவை தேடிட்டேன். கம்ப்யூட்டர்ல இல்ல. பழைய பிலிம் சுருள்லயும் இல்ல. உங்க தம்பிய யாரும் கைது பண்ணல. தீய வெச்சுட்டு ஓடிட்டாருன்னு ஊரே சொல்லுது, நான் என்ன பண்ண?"

அதுதான் விஷயம். 1974 நவம்பர் பதினாலு சாயங்காலம் ஊரின் தானியச் சேமிப்புக் கோபுரம் தீப்பிடித்து இரண்டு பேர் செத்தார்கள். தானியம் மூன்று நாள் உள்ளே புகைந்து எரிந்தது. நாலாம் நாள் ஷெரீஃப் கஸ் வைகல் கோர்ட் படியில் நின்று, தீ வைத்தவன் நார்பர்ட் ட்ரைலிங், ஊரை விட்டு ஓடிவிட்டான் என்று அறிவித்தார். ஆனால் தீப்பிடித்த அன்று மத்தியானம் மூன்று மணிக்கு, குடித்துவிட்டு டிராக்டரைப் பாதிரியார் வேலிக்குள் விட்டதற்காக, அதே வைகல் நார்பர்ட்டின் காலரைப் பிடித்துக் கொண்டுபோனதை அல்வெரா தன் கண்ணால் பார்த்தாள். சொன்னாள். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அம்மா செத்தபோது சவப்பெட்டியைத் தூக்க ஊரில் நாலு பேர் கிடைக்கவில்லை. ஒரு கைரேகை அட்டை போதும் அவளுக்கு. நேரம் போட்ட ஒரே ஒரு அட்டை.

"பழைய ஜெயில்ல தேடினியா?"

டாரெல் மெல்வதை நிறுத்தினான். மூன்றாம் மாடியில் இருந்த பழைய சிறை, அந்தத் தீ நடந்த மாதமே வைகல் மூடிவிட்டார். சிறை அறைகளுக்குள் இப்போது கைதிகளுக்குப் பதில் பெட்டி பெட்டியாகக் காகிதம்.

"அதெல்லாம் நாளைக்குப் போகுது. காலையில எட்டு மணிக்குக் காகிதம் அரைக்கிற லாரி வருது. வெச்சிருக்க வேண்டிய வருஷம் முடிஞ்சுபோச்சு."

"அப்ப இன்னிக்கு இருக்கு. சாவியக் குடு."

"அல்வெராம்மா, வெளியாளுங்கள மேல விடக் கூடாது."

"நீ ரெண்டாங்கிளாஸ்ல கால்சட்டைய நனைச்சப்போ யாருகிட்டயும் சொல்லாம சீட்டைத் தொடச்சவ நான். வெளியாளா?"

சாவி கவுண்டர் மேல் வந்து விழுந்தது. "அஞ்சுக்குப் பூட்டணும். நான் போனை விட்டு வர முடியாது." அவன் கண் ஒரு நொடி மாடிப்படிப் பக்கம் போய்த் திரும்பியது. போன் காரணம் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

ஜன்னலுக்கு வெளியே, தெருவுக்கு எதிர்ப்பக்கம், முதியோர் இல்லத்தின் தரைத்தள அறையில் விளக்கு எரிந்தது. கஸ் வைகல், வயது தொண்ணூற்று மூன்று, தினமும் அந்த நேரத்துக்கு ஜன்னலோரம் சாய்ந்து, கோர்ட்டிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கை காட்டுவார். ஊர் அவர் பேரில் பூங்காவே வைத்திருந்தது. டாரெல் பழக்கதோஷத்தில் கையை உயர்த்தினான். அல்வெரா முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

படி ஏற ஏற வெப்பம் குறைந்தது. இரண்டாம் மாடியில் ரேடியேட்டரின் இரும்பு வாசனையும் கீழே யாரோ கொதிக்க வைத்த காப்பியும் இன்னும் மூக்கில் இருந்தன. மூன்றாம் மாடிக் கதவைத் திறந்ததும் அதெல்லாம் கத்தரித்ததுபோல் நின்று, எலிப் புழுக்கையும் ஈர அட்டைப் பெட்டியும் துருவும் கலந்த மூச்சு ஒன்று முகத்தில் வந்து மோதியது. அதற்கு அடியில், மெல்லிசாக, அங்கே இருக்கவே கூடாத ஒரு வாசனை. எண்ணெய் கலந்த, கொஞ்சம் தித்திப்பான வாசனை. புதுசாகத் தேய்த்த கைரேகை மை.

சுவரில் திருகும் விளக்குச் சாவி, பதினைந்து நிமிடம் எரிந்து தானே அணைகிற பழைய ரகம். கடைசி வரை திருகினாள். டிக் டிக் என்று அது ஓட ஆரம்பித்தது. ஒற்றை பல்பு. ஆறு கூண்டுகள், கம்பிகளின் நிழல் பெட்டிகள் மேல் விழுந்து, பெட்டிகளே உள்ளே நின்று வெளியே பார்ப்பது போலிருந்தது. கடைசியில், கம்பி இல்லாமல் முழு இரும்புக் கதவு போட்ட ஏழாவது அறை. குடிகாரர்களைப் போட்டுத் தெளிய வைக்கிற அறை. அதன் கதவுக்கு முன்னால் மட்டும் பெட்டிகளை மார்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள், இடம் பற்றாமல் அடுக்கியதாகத் தெரியவில்லை. மற்ற கூண்டுகளில் பாதி இடம் காலி.

"நார்பர்ட்," என்றாள் உரக்க. "உங்கக்கா வந்திருக்கேன். சும்மா பயங்காட்டற வேலையெல்லாம் வெச்சுக்காத."

டிக் டிக் டிக்.

இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒரு மேசை. மேலே கண்ணாடிப் பலகை, அதன் மேல் ரப்பர் உருளை. வைகல் கைரேகை எடுக்கிற மேசை. அவரிடம் கை கொடுத்த யாருக்கும் அந்த வார்த்தை மறக்காது. 'நீ உதவாதே. தளர விடு.' முதல் வேலைக்குச் சேர்ந்தபோது அல்வெராவுக்கும் அவர்தான் எடுத்தார். அவள் கையைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து, அது அவருடைய சாமான் என்பதுபோல் உருட்டினார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மை காய்ந்த அட்டைதான் டிராயருக்குள் போகும். ஈர அட்டையை மேசைக்கு மேலே ஒரு கம்பியில், துணி காயப் போடுவதுபோல், கிளிப் மாட்டித் தொங்க விடுவார். டிராயருக்குள் போகாத அட்டைக்கு எண் கிடையாது. எண் இல்லாத ஆள் பதிவேட்டில் கிடையாது.

கம்பியில் ஒரு அட்டை தொங்கியது.

காற்றே இல்லாத அறையில் அது மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

ட்ரைலிங், நார்பர்ட். 14 நவம்பர் 1974. மாலை 3.55. தட்டச்சு எழுத்து தெளிவாக இருந்தது. ஒன்பது கட்டங்களில் ஒன்பது விரல், நாலாவது மொட்டை. பத்தாவது கட்டம், இடது சுண்டுவிரல், வெறுமை. தீயணைப்புச் சங்கு ஊதியது நாலு மணிக்கு. ஹால்டேனில் அந்த நேரம் தெரியாதவர் கிடையாது, செத்த இருவரின் நினைவுக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். சங்கு ஊதியபோது அவள் தம்பியின் சுண்டுவிரல் ஷெரீஃபின் கைக்குள் இருந்தது.

கண்ணாடிப் பலகையைத் தொட்டாள். விரல் கறுத்தது. அட்டையைத் தொட்டாள். ஈரம்.

நாற்பத்தெட்டு வருடமாகக் காயவில்லை.

அவளுக்கு அப்போது எல்லாமே தெரிந்தது, யாரும் சொல்லாமலே. சங்கு ஊதியதும் வைகல் அவனை ஏழாவது அறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு ஓடினார். மூன்று நாள் தீயோடு இருந்தார். நவம்பர் குளிர். மேலே யாரும் வரவில்லை, மேலே ஆள் இருப்பதாக எந்த எண்ணும் சொல்லவில்லை. நாலாம் நாள் ஞாபகம் வந்திருக்கும். ஏறி வந்திருப்பார். திறந்திருப்பார். பார்த்திருப்பார்.

மறுபடி பூட்டியிருப்பார்.

டிக் டிக். டிக்.

டிக்.

பல்பு அணைந்தது.

பதினைந்து நிமிடம் ஆகியிருக்க முடியாது. குட்டி ஜன்னலில் சாம்பல் வெளிச்சம் மட்டும். அவள் மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது. பெட்டிகளுக்குப் பின்னால் எதுவோ அசைந்தது. ஒரு பெட்டி முன்னால் சாய்ந்தது. விழுந்தது. இன்னொன்று. காகிதங்கள் தரையில் சரிந்து அவள் காலணி வரை வந்தன. இரும்புக் கதவின் நடுவில், சாப்பாட்டுத் தட்டு நீட்டுகிற சின்னத் துவாரம். அதன் மூடி மேலே போனது. மெதுவாக. கிறீச்சென்ற சத்தம்கூட இல்லாமல்.

இருட்டுக்குள் இருந்து ஒரு கை வந்தது.

வலது கை. காய்ந்த தோல் எலும்போடு ஒட்டியிருந்தது. மோதிர விரல் பாதி. அது காற்றில் துழாவியது. மேசையை. கம்பியை. அவளை.

ஓடு என்றது கால். வாயும் அதையே சொல்ல வந்தது. பிடி விழுந்தது அவள் மணிக்கட்டில். பனி. எலும்பு. பிடி.

"விடுடா," என்றாள். குரல் உடைந்தது. திரும்பச் சொன்னாள், இந்தத் தடவை பேருந்துக் குரலில், கடைசி வரிசை வரை கேட்கிற குரலில். "பிடிச்சது போதும். ஓடமாட்டேன். இந்தக் கை இல்ல. இடது கையக் குடு."

ஒன்றும் அசையவில்லை.

பிறகு பிடி தளர்ந்தது. கை உள்ளே போனது. அவள் கண்ணை மூடவில்லை. மூடியிருந்தால் நல்லது. துவாரத்தின் இருட்டில் ஒரு நெற்றி நெருங்கி வந்து நின்றது, கண் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டுக்குள் இன்னும் கொஞ்சம் இருட்டு. இடது கை வெளியே நீண்டது. நகம் இல்லை. எல்லா விரலிலும். கதவின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துபோனது.

அழுதாளா? அழுதாள். ஆனால் உருளையை எடுத்தாள். மை தொட்டாள். அந்தச் சுண்டுவிரலைத் தன் உள்ளங்கைக்குள் வாங்கினாள், அறுபது வருடம் முன்னால் சாலை கடக்கப் பிடித்த அதே விரலை.

"நீ உதவாதடா," என்றாள். "தளர விடு. அக்கா பாத்துக்கறேன்."

உருட்டினாள். ஓரத்திலிருந்து ஓரம்.

பத்து.

பழைய ரேகைகள் அவள் கண் முன்னாலேயே பளபளப்பு போய் மங்கின. ஒன்று, இரண்டு, மூன்று. காய்ந்தன. துவாரத்தின் மூடி இறங்கியது.

அவள் கீழே வந்தபோது டாரெல் நாலாவது ரொட்டியில் இருந்தான். அட்டையைப் படித்தான். திருப்பினான். திரும்பப் படித்தான். பத்தாவது கட்டத்தைத் தொட்ட அவன் விரல் கறுப்பாக வந்தது.

"நீங்களே மை தடவினீங்களா?"

அவள் சட்டைக் கையை மடித்து மணிக்கட்டைக் காட்டினாள். நாலு கறுப்பு விரல் தடம். ஒன்று பாதி.

"பெட்டிக்கு நடுவுல கைய விட்டுருப்பீங்க," என்றான் டாரெல். ஆனால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டான். "அட்டை சரி, நெசம். மூணு அம்பத்தஞ்சு. அவரு தீ வெக்கல. அத நான் எழுதறேன். மத்த கதையெல்லாம் வேணாம்மா. பஸ் பறந்த கதை ஒண்ணே போதும்."

"எழுது. பதிவு உண்டுன்னு எழுது."

எழுதினான். எண் கொடுத்தான். முத்திரை குத்தினான்.

"அடுத்த வரி என்ன?"

"தற்போதைய நிலை." அவன் பேனா நின்றது. "காவலில்... இல்லன்னா விடுதலை."

"குடிச்சிட்டு வேலிய ஒடச்சவன். கைரேகை முடிஞ்சா வீட்டு ஆள் கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போகலாம். இந்த ஆபீஸ்ல அதுதானே வழக்கம்? நான் வீட்டு ஆள். எங்க கையெழுத்து?"

"அல்வெராம்மா, அவர் இங்க இல்ல..."

"இல்லன்னு ஒன்பது தடவை எழுதின. எங்கடா கையெழுத்து?"

அவளைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினால் போதும் என்று காகிதத்தை நகர்த்தினான். அவள் போட்டாள். அவன் எழுதினான். விடுதலை. மாலை 4.52.

மேலே, மூன்று மாடிக்கு மேலே, இரும்பு இரும்பிலிருந்து பிரிந்தது.

கட்டடம் முழுக்க அந்தச் சத்தம் இறங்கியது. பெட்டிகள் சரிந்தன. பிறகு நடை. செருப்பில்லாத நடை, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குகிற நடை. டாரெல் எழுந்தான், உட்கார்ந்தான். படிக்கட்டின் பித்தளைக் கைப்பிடியில், யாரும் இல்லாத இடத்தில், கறுப்பு ரேகை ஒன்று தோன்றியது. அதற்குக் கீழே இன்னொன்று. மற்றொன்று. மொட்டை. இன்னொன்று. அவர்கள் முன்னால் ஒரு நொடி நின்றது அது. அல்வெராவின் கன்னத்தில் குளிர் பட்டது.

"வீடு அந்தப் பக்கம்டா," என்றாள் மெதுவாக. குளிர் தெருப்பக்கமே நகர்ந்தது. அவள் தாடையை நிமிர்த்தி, "சரி. முதல்ல உன் வேலைய முடிச்சிட்டு வா" என்றாள்.

வாசல் கண்ணாடிக் கதவு திறந்தது. காற்று வந்தது. கதவு மூடியது. தெருவின் பனியில் வெறுங்கால் தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்து, எதிர்ப்பக்கம் போயின.

ஐந்து மணி. முதியோர் இல்லத்தில், விளக்கு வெளிச்சத்தில், கஸ் வைகல் வழக்கம்போல் கையைத் தூக்கினார்.

அவர் தூக்கவில்லை. கை தூக்கப்பட்டது. மணிக்கட்டில் பிடித்துத் தூக்கிய மாதிரி, தோள் கோணிக்கொண்டு. வாய் அகலத் திறந்திருந்தது, இரண்டு கண்ணாடிக்கு இப்பால் சத்தம் வரவில்லை. வலது கட்டைவிரல் ஜன்னல் கண்ணாடியில் வைக்கப்பட்டது. ஓரத்திலிருந்து ஓரம், நிதானமாக உருட்டப்பட்டது. கறுப்பாக ஒரு ரேகை. பிறகு ஆள்காட்டி விரல். அது தளர மறுத்து மடங்கியது. நிமிர்த்தப்பட்டது, பின்பக்கமாக. தளரும் வரை.

அல்வெரா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணெடுக்காமல் நின்றாள். இந்தத் தடவை முதுகைத் திருப்பவில்லை.

"பாத்தியா?"

மூன்று. நாலு. எதிர்ஜன்னலில் விளக்கு ஒரு முறை சிமிட்டி, தொடர்ந்து எரிந்தது. டாரெலின் கை இன்னும் காகிதத்தின் மேல், பேனா நுனியிலிருந்து மை பரவிக்கொண்டிருந்தது.

"பறந்துச்சு," என்றான்.

"என்னது?"

"பஸ்சு. அன்னிக்கு. நான் ஜன்னலோரம் இருந்தேன். கீழ பாத்தேன்மா. எங்க வீட்டுக் கூரை தெரிஞ்சுது." பன்னிரண்டு வயதுப் பையனின் குரல் அது. "பயத்துல இல்லன்னு சொன்னேன். இத்தனை வருஷமா."

ஐந்து. கண்ணாடிக்கு அப்பால் இடது கை உயர்ந்தது.

"இதுவும் நடக்குது," என்றான் டாரெல் ரோர். "ஆமா அல்வெராம்மா. பதிவு இருக்கு."